ஒரே பெயரில் இரண்டு வேர்கள்: பிரசெல்ஸ் ஃபாங் ஜி நிகழ்வு ஆய்வு

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் உடல் எடை குறைப்புக்கான ஒரு மருந்துத் திட்டம் சுமார் 15 ஆண்டுகளாகச் சிறுநீரகத் தொல்லை எதுவும் இல்லாமல் நடந்துவந்தது. ஃபென்ஃபுளூரமின், டைஎத்தில்புரோபியான் ஆகிய பசியடக்கிகளோடு அசெட்டசோலமைடு, பெல்லடோனா சாறு போன்றவையும் கலந்த கேப்ஸ்யூல்கள் அவை. 1990 மே மாதம் அந்தக் கலவை மாற்றப்பட்டது. ஸ்டெஃபேனியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர்ப்பொடியும் மக்னோலியா அஃபிசினாலிஸ் என்ற மரத்தின் பட்டைப்பொடியும் புதிதாகச் சேர்ந்தன. இரண்டும் சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பெயர் இரண்டுக்குமே கிடையாது.

1992இல் 50 வயதுக்கு உட்பட்ட இரண்டு பெண்கள் வேகமாக முற்றும் சிறுநீரகச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். இருவரும் அதே திட்டத்தில் மருந்து எடுத்தவர்கள். சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வெகம் குழுவினர் நகரத்து டயாலிசிஸ் பிரிவுகளில் விசாரித்தபோது, அதே பின்னணியுள்ள இன்னும் ஏழு பெண்கள் தெரியவந்தார்கள். 1993 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் இந்த ஒன்பது பேரைப் பற்றிய கட்டுரை வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை நூறை எட்டியது.

மாதிரிகளைச் சோதித்தபோதுதான் முதல் துப்பு கிடைத்தது. ஸ்டெஃபேனியா வேரில் இருந்தே தீரவேண்டிய டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு (செடிகளில் உருவாகும் நைட்ரஜன் கொண்ட காரச் சேர்மம்) அந்தப் பொடியில் தென்படவில்லை. 1994இல் பெல்ஜியச் சந்தையில் ஸ்டெஃபேனியா என்ற பெயரில் விற்ற 12 தொகுதிப் பொடிகளைப் பகுத்துப் பார்த்தார்கள். கிராமுக்கு 0.02 மில்லிகிராமுக்கும் குறைவாகத் தொடங்கி 1.56 மில்லிகிராம் வரை அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற சிறுநீரக நச்சு இருந்தது. சராசரி ஏறத்தாழ 0.66. இந்த அமிலத்தை ஸ்டெஃபேனியா உண்டாக்குவதில்லை. அது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி என்ற வேறொரு கொடியின் பொருள்.

மருத்துவம் தவறான மூலிகையைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூட்டையில் வந்தது வேறு செடி. அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சோதனைகளில் பெரும்பாலானவை அன்றைக்கே கைவசம் இருந்தவை. அவற்றை எந்த வரிசையில் செய்வது, ஒவ்வொன்றும் எங்கே ஏமாற்றும் என்பதற்கே இந்த ஆய்வில் அதிக இடம் தரப்படுகிறது.

பெயர்க்குழப்பம் எப்படி வந்தது

சீனத்தில் ஃபாங் ஜி என்பது ஒரு மருந்துச் சரக்கின் பெயர். நீர் இறக்கவும் மூட்டுவலிக்கும் தருவது. அந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் வேர்கள் கைமாறின.

ஃபென் ஃபாங் ஜி என்பது ஸ்டெஃபேனியா டெட்ராண்ட்ரா. மெனிஸ்பெர்மேசியே குடும்பம், நம் ஊர்ச் சீந்தில் கொடியும் கட்டுக்கொடியும் இதே குடும்பத்தவை. குவாங் ஃபாங் ஜி என்பது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. குவாங்தோங், குவாங்ஷி பகுதிகளில் விளைவது. அது அரிஸ்டோலோக்கியேசியே குடும்பம். ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் சேர்ந்த குடும்பம். மூ ஃபாங் ஜி என்று காக்குலஸ் இனத்துக் கொடி ஒன்றையும் சொல்வார்கள். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இல்லை. ஜப்பானில் இதே சரக்கின் இடத்தில் சைனோமீனியம் அக்யூட்டம் என்ற கொடி வருகிறது. அதன் முதன்மை ஆல்கலாய்டு சைனோமெனின்.

இன்னும் சிக்கலானது ஹான் ஃபாங் ஜி. இன்றைய வணிகத்தில் இந்தப் பெயர் பெரும்பாலும் ஸ்டெஃபேனியாவைக் குறிக்கும். ஆனால் ஹான்ஜோங் பகுதியிலிருந்து வரும் அரிஸ்டோலோக்கியா ஹெட்டரோஃபில்லாவும் ஹான்ஜோங் ஃபாங் ஜி என்றே அழைக்கப்பட்டது. முன்னொட்டை நம்பிக் கொள்முதல் செய்பவர் பாதுகாப்பான சரக்கு என்று நினைத்து நச்சுள்ளதை வாங்க வாய்ப்பு உண்டு.

இதைக் கலப்படம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மருந்துச் சரக்குகளின் தரத்தை வகுக்கும் அரசு நூலான சீன மருந்தியல் நூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு வரை ஃபாங் ஜி, குவாங் ஃபாங் ஜி இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. இரண்டும் சட்டப்படி விற்ற சரக்குகள். முன்னொட்டு இல்லாமல் ஃபாங் ஜி என்று ஆர்டர் போனால் கிடங்கில் இருக்கும் ஏதோ ஒன்று வரும். ஐரோப்பாவில் இறங்கிய பிறகு பாடநூலைப் பார்த்து ஃபாங் ஜி என்பதற்கு நேராக ஸ்டெஃபேனியா என்று எழுதிக்கொண்டால், சான்றிதழில் உள்ள லத்தீன் பெயர் வேரைப் பார்த்து எழுதியதாக இருக்காது. வேதியியல் சோதனையை எல்லோரும் பேசுகிறார்கள். லத்தீன் பெயர் காகிதத்தில் எந்தக் கட்டத்தில், யார் கையால் ஏறியது என்ற கேள்விக்கும் அதே கவனம் வேண்டும்.

இரண்டு வேர்களின் வேதியியல்

இரு செடிகளும் ஒரே மூலப்பொருளிலிருந்துதான் தொடங்குகின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பென்சைல்ஐசோகுயினோலின் சட்டகம் உருவாகிறது. ஸ்டெஃபேனியா அப்படிப்பட்ட இரண்டு சட்டகங்களை ஆக்சிஜன் பாலங்களால் இணைத்து பிஸ்பென்சைல்ஐசோகுயினோலின் ஆல்கலாய்டுகளை ஆக்குகிறது. டெட்ராண்ட்ரின் (மூலக்கூறு எடை 622.7), ஃபாங்சினோலின் (608.7) இரண்டும் அவற்றில் முக்கியமானவை. ஃபாங்சினோலினில் ஒரு மெத்தில் தொகுதி குறைவு. மற்றபடி ஒரே கட்டமைப்பு. அரிஸ்டோலோக்கியா அதே சட்டகத்தை வளைத்து அப்போர்ஃபின் ஆக்கி, ஆக்சிஜனேற்றம் செய்து, வளையத்தில் இருந்த நைட்ரஜனை நைட்ரோ தொகுதியாக மாற்றிவிடுகிறது. அதன் விளைவு நைட்ரோஃபெனாந்த்ரீன் கார்பாக்சிலிக் அமிலங்கள். அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஒன்று (341.3), மெத்தாக்சித் தொகுதி இல்லாத அரிஸ்டோலோக்கிக் அமிலம் இரண்டு (311.2) ஆகியவை முதன்மையானவை. இயற்கையில் நைட்ரோ தொகுதியுள்ள சேர்மங்கள் மிக அரிது. இந்த அமிலத்தின் நச்சுத்தன்மை அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது.

செயல்பாட்டிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. டெட்ராண்ட்ரின் எல்-வகைக் கால்சியம் வழிகளை அடைக்கும். இரத்தக் குழாய் தளரும், அழுத்தம் இறங்கும். அழற்சியையும் நார்த்திசு பெருகுவதையும் தணிக்கும் என்பதால் சீனாவில் சிலிக்கோசிஸ் என்ற தூசு நுரையீரல் நோய்க்கு மாத்திரையாகவே தருகிறார்கள். அதனால் ஸ்டெஃபேனியா தீங்கற்றது என்று ஆகிவிடாது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அது கூடுதல் சுமை. அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். ஆனால் சிறுநீரகத்தை நாராக மாற்றும் குணம் அதற்கு இல்லை. ஒன்று நார்த்திசுவைத் தணிக்கப் பயன்படுவது, மற்றது நார்த்திசுவைப் பெருக்குவது. இந்த இரண்டும் ஒரே பெயரில் ஒரே பெட்டியில் போனதுதான் இந்த நிகழ்வின் கொடுமை.

கூட வந்த மக்னோலியாப் பட்டையில் மேக்னலால், ஹோனோக்கியால் இரண்டும் உண்டு. அரிஸ்டோலோக்கிக் அமிலம் இல்லை. முதலில் சந்தேகத்துக்கு உள்ளானாலும் பிறகு விலக்கப்பட்டது.

வில்லையாக இருந்தால் கண் கண்டுபிடிக்கும்

ஸ்டெஃபேனியா வேர் ஒழுங்கற்ற உருளை அல்லது அரை உருளை. 5 முதல் 10 செ.மீ. நீளம், 1 முதல் 5 செ.மீ. குறுக்களவு. வளைந்து நெளிந்திருக்கும்; வளைவுகளில் ஆழமான குறுக்குப் பள்ளங்கள் விழுந்து கணுக்கணுவாகப் புடைத்துத் தெரியும். சீன வணிகர்கள் இதைப் பன்றிக்குடல் போலிருக்கிறது என்பார்கள். ஒருமுறை பார்த்தவருக்கு அந்த உவமை மறக்காது. கையில் எடுத்தால் கனம். உடைத்தால் முகம் தட்டையாக, சாம்பல் கலந்த வெண்மையாக, மாவு உதிர்வதாக இருக்கும், ஆரக்கோடுகள் குறைவு.

அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வேர் 6 முதல் 18 செ.மீ. வரை நீளும், 1.5 முதல் 4.5 செ.மீ. தடிமன். மேல்தோல் பழுப்பு கலந்த சாம்பல், சொரசொரப்பு, நீளவாக்கில் சுருக்கம். தோல் சீவியிருந்தால் மஞ்சள். குறுக்கே வெட்டினால் மையத்திலிருந்து விளிம்புவரை நெருக்கமாக ஓடும் ஆரங்கள் வண்டிச்சக்கர அமைப்பைக் காட்டும். இந்தக் குடும்பத்துத் தண்டுகளையும் வேர்களையும் பிரித்தறிய இந்த ஆரச்சக்கரமே முதல் அடையாளம்.

நாக்கு உதவாது. இரண்டும் கசக்கும்.

பொடியாக்கிய பின் மேலே சொன்ன எதுவும் மிஞ்சாது. பிரசெல்ஸுக்குப் போனது பொடி. அங்கே நுண்ணோக்கி ஓரளவு கைகொடுக்கும். குளோரல் ஹைட்ரேட் கரைசலில் பொடியைச் சூடாக்கித் தெளியவைத்துப் பார்த்தால், அரிஸ்டோலோக்கியாவில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் பூங்கொத்தாகத் திரண்டிருக்கும், கல்செல்களும் ஏராளம். ஸ்டெஃபேனியாவில் அந்தக் கொத்துகள் இல்லை. நுண்ணிய குச்சி வடிவப் படிகங்கள்தான். குளோரல் ஹைட்ரேட்டில் மாவுமணிகள் கரைந்துவிடும் என்பதால், மாவைப் பார்க்க வெறும் நீரில் அல்லது கிளிசரினில் தனியாக ஒரு ஸ்லைடு தயாரிக்க வேண்டும். பெரும்பகுதி ஸ்டெஃபேனியாவும் கொஞ்சம் அரிஸ்டோலோக்கியாவும் கலந்த பொடியில் ஒரே ஸ்லைடைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் சில ஸ்லைடுகள் பார்க்க வேண்டும்.

ஒரே சாற்றில் இரண்டையும் தேடக்கூடாது

ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெட்ராண்ட்ரின் ஒரு காரம். ஆல்கலாய்டு எடுக்கும் வழக்கமான முறை என்ன? பொடியை அம்மோனியாவால் நனைத்து குளோரோஃபார்மில் இறக்குவது. ஆல்கலாய்டு கரிமக் கரைப்பானுக்குள் வந்துவிடும். அரிஸ்டோலோக்கிக் அமிலமோ பெயருக்கேற்ப ஓர் அமிலம். அம்மோனியா பட்டதும் உப்பாகி நீர்ப்பகுதியிலேயே தங்கிவிடும். ஆகவே ஆல்கலாய்டுக்காக எடுத்த குளோரோஃபார்ம் சாற்றை வைத்துக்கொண்டு அரிஸ்டோலோக்கிக் அமிலம் தென்படவில்லை என்று அறிக்கை கொடுத்தால், நச்சைக் கழுவிக் கொட்டிவிட்டு நச்சு இல்லை என்று எழுதியதாகும். இரண்டு சோதனைக்கும் இரண்டு தனிச்சாறு எடுக்க வேண்டும்.

அடையாளச் சோதனைக்கு 1 கிராம் பொடியை 15 மி.லி. எத்தனாலில் ஒரு மணி நேரம் மீள்கொதிக்கவிட்டு, வடிகட்டி, வற்றவைத்து, 5 மி.லி. எத்தனாலில் கரைக்கலாம். சேர்மங்களைப் பொட்டுப் பொட்டாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கா ஜெல் தட்டில், குளோரோஃபார்ம், அசெட்டோன், மெத்தனால், 5 சதவீத அம்மோனியா நீர் 6:1:1:0.1 விகிதத்தில் ஓட்டி, பொட்டாசியம் அயோடோபிஸ்முத்தேட் தெளித்தால் டெட்ராண்ட்ரின், ஃபாங்சினோலின் இரண்டும் ஆரஞ்சுப் பொட்டுகளாகத் தெரியும். தரமாதிரிப் பொட்டுகளின் உயரத்தோடு பொருந்த வேண்டும். தட்டு இல்லாமல் சோதனைக்குழாயில் இதே வினைப்பொருளை ஊற்றி ஆரஞ்சு வீழ்படிவு வந்தது, ஆல்கலாய்டு உண்டு, ஆகவே ஸ்டெஃபேனியா என்று சொல்வது செல்லாது. அரிஸ்டோலோக்கியாவிலும் மேக்னோஃப்ளோரின் போன்ற ஆல்கலாய்டுகள் உண்டு; அவையும் இதே நிறம் கொடுக்கும்.

அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கு வேறு வழி. மெத்தனால் 80, நீர் 18, ஃபார்மிக் அமிலம் 2 பங்கு கலந்த கரைப்பானில் 2 கிராம் பொடியை 10 மி.லி.யில் போட்டு, மீயொலிக் குளியலில் 10 நிமிடம் வைத்து, சுழற்றித் தெளிவை எடுக்க வேண்டும். ஃபார்மிக் அமிலத்தை விட்டுவிட்டால் அமிலம் அரைகுறையாக உப்பு வடிவில் தங்கி அளவு குறைத்துக் காட்டும். தட்டிலும் பொட்டு வாலாக இழுபடும். ஓட்டத்துக்கு டொலுவீன், எத்தில் அசிட்டேட், நீர், ஃபார்மிக் அமிலம் 20:10:1:1 கலந்து குலுக்கி, பிரிந்து நின்ற மேல் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். அடியடுக்கு கொஞ்சம் கலந்தாலும் ஓட்டம் கெட்டுவிடும்.

ஓடி முடிந்த தட்டில் அமிலம் மஞ்சளாகத் தெரியும், அதுவும் அளவு அதிகமாக இருந்தால் மட்டும். மிகக் குறைந்த அளவைக் காட்டுவது ஸ்டேனஸ் குளோரைடு. அதைத் தெளித்து 100 டிகிரியில் ஒரு நிமிடம் சூடாக்கினால் நைட்ரோ தொகுதி ஒடுங்கி, வளையம் மூடி, அரிஸ்டோலாக்டம் ஆகிறது. 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் அது நீலப்பச்சையாக ஒளிரும். உடலுக்குள் நச்சு வினை தொடங்குவதும் இதே ஒடுக்கத்தில்தான்.

2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு இதைக் காணமுடியும். கணக்குப் போட்டால், 2 பிபிஎம் உள்ள 2 கிராம் பொடியில் 4 மைக்ரோகிராம் இருக்கும், 10 மி.லி.யில் அது மி.லி.க்கு 0.4 மைக்ரோகிராம், தட்டில் 20 மைக்ரோலிட்டர் இட்டால் 8 நானோகிராம். இவ்வளவு சிறியதைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு முன், பார்த்திருக்க முடியுமா என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தட்டிலும் ஒரு தடம் ஒதுக்க வேண்டும்: அதே பொடி 2 கிராமில், மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் உள்ள தரக்கரைசலை 0.4 மி.லி. சேர்த்து, அதே வழியில் சாறெடுத்து இடுவது. அந்தத் தடம் ஒளிர்ந்து, மாதிரித் தடம் ஒளிராமல் இருந்தால்தான் இல்லை என்ற முடிவுக்கு மதிப்பு. சேர்த்த தடமும் இருண்டிருந்தால் சோதனை தோற்றது. பொடி தேறியதாக ஆகாது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் தூய மாதிரி புற்றுநோய்க்காரணி. எடைபோடுவதும் தெளிப்பதும் காற்றிழுப்புப் பெட்டிக்குள், கையுறையோடு.

ஒளிர்ந்தால் எச்.பி.எல்.சி. என்ற உயர்திறன் நீர்ம நிறப்பகுப்புக் கருவியில் 390 நானோமீட்டரில் உறுதிசெய்யலாம். அந்த அலைநீளத்தில் பிற சேர்மங்களின் குறுக்கீடு குறைவு. மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியை இணைத்தால் அம்மோனியம் சேர்ந்த அயனிகள் 359, 329 என்ற எண்களில் வரும். மரபணுத் துணுக்கைப் படித்துச் செடியை அடையாளம் காணும் டிஎன்ஏ பட்டைக்குறி முறை வேருக்கும் பொடிக்கும் பயன்படும். கொதிக்கவைத்துச் செறிவாக்கிய சாறுகளில் டிஎன்ஏ சிதைந்திருப்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

அளவுச் சோதனை தேறியும் நஞ்சு இருக்கலாம்

சீன மருந்தியல் நூல் ஃபாங் ஜி வேரில் டெட்ராண்ட்ரினும் ஃபாங்சினோலினும் சேர்ந்து 1.6 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. இந்த ஒரு விதியை வைத்து ஒரு தொகுதியை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்?

நல்ல ஸ்டெஃபேனியா ஒன்றில் மொத்தம் 2.0 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அரிஸ்டோலோக்கியாவை இட்டால் ஆல்கலாய்டு 1.6 சதவீதமாகக் குறையும். சோதனை தேறும். அதே பொடியில், இட்ட அரிஸ்டோலோக்கியா கிராமுக்கு 1 மில்லிகிராம் அமிலம் கொண்டதென்றால், கலவையில் 200 பிபிஎம் அமிலம் இருக்கும். நாளொன்றுக்கு வழக்கமான 10 கிராம் அளவில் 2 மில்லிகிராம் உள்ளே போகும். தரமான சரக்கு என்ற முத்திரையோடு.

இருக்கவேண்டியது இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கக்கூடாதது இல்லையா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடை இரண்டாவதற்குச் செல்லாது.

எவ்வளவு உள்ளே போனது

2000ஆம் ஆண்டு நோர்த்தியே குழுவினர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 39 பேர் இருந்தனர். முன்னெச்சரிக்கையாக அவர்களின் சிறுநீரகங்களும் சிறுநீர்க் குழாய்களும் அகற்றப்பட்டுத் துண்டு துண்டாகச் சோதிக்கப்பட்டன. 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையின் உள்வரித் திசுவில் புற்றுநோய். மீதி 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய செல் மாற்றம். பொடியின் மொத்த அளவு 200 கிராமைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

200 கிராமைத் தொகுதிச் சராசரியான 0.66ஆல் பெருக்கினால் 132 மில்லிகிராம் அமிலம். இதோடு தைவானை ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே காப்பீட்டுப் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் இணைத்துச் செய்த, 2010இல் வெளியான ஆய்வில், மொத்தம் சுமார் 150 மில்லிகிராம் அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கு மேல் போனவர்களுக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்று அதிகம் என்று தெரிந்தது. வேறு நாடு, வேறு மூலிகைகள், வேறு கணக்குமுறை. எண்கள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மேலே கணக்கிட்ட தேறிய கலவையை நாளுக்கு 2 மில்லிகிராம் வீதம் குடித்தால் 66 நாளில் அந்த 132 மில்லிகிராம் வந்துவிடும்.

தொகுதிக்குத் தொகுதி இருந்த வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. அதே 200 கிராம், மிகக் குறைந்த தொகுதியில் 4 மில்லிகிராமுக்கும் குறைவு. மிக உயர்ந்ததில் 312. ஒரே திட்டத்தில், ஒரே காலம் எடுத்த இருவரில் ஒருவர் டயாலிசிசுக்குப் போனதும் மற்றவர் தப்பியதும் உடல்வாகினால் மட்டும் வந்த வேறுபாடு அல்ல என்பதற்கு இது வலுவான காரணம். பொடியை அப்படியே விழுங்கினால் உள்ளதெல்லாம் உள்ளே போகும். கஷாயத்தில் ஒரு பகுதிதான் இறங்கும். ஆனால் கஷாய அளவு கிராம் கணக்கில் பல மடங்கு பெரியது என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது.

சிறுநீரகத்தில் நடப்பது

இரத்தத்தில் உள்ள அமிலத்தைச் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழல் செல்கள் ஓஏடி-1, ஓஏடி-3 என்ற கடத்திகளால் உள்ளிழுக்கின்றன. கழிவை வெளியேற்ற இருக்கும் அந்த அமைப்பே நஞ்சைத் தன்னிடம் திரட்டிக்கொள்கிறது. செல்லுக்குள் என்கியூஓ-1 உள்ளிட்ட நொதிகள் நைட்ரோ தொகுதியை ஒடுக்குகின்றன. பிறக்கும் வினைத்திறன் மிக்க இடைப்பொருள் டிஎன்ஏவின் அடினின், குவானின் காரங்களில் ஒட்டிக்கொள்கிறது. அடினினில் ஒட்டியது பழுதுநீக்கத்துக்குத் தப்பிப் பல ஆண்டுகள் நிற்கும். படியெடுக்கும்போது அடினின்-தைமின் இணை தைமின்-அடினின் என்று திரும்பிவிடும். இந்தத் திருப்பம் பிற நச்சுகளில் அரிது. அதனால்தான் மருந்துச்சீட்டு தொலைந்த பிறகும் கட்டியின் மரபணுவைப் படித்துக் காரணத்தைச் சொல்ல முடிகிறது.

கூடவே எடுத்த பசியடக்கிகள்தான் காரணம் என்ற வாதமும் அன்று எழுந்தது. எலிகளுக்கு அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை மட்டும் 35 நாள் கொடுத்து அதே நார்த்திசு நோயை உண்டாக்கிக் காட்டிய ஆய்வு அதற்கு விடை தந்தது.

நோயாளியிடம் தெரியும் தோற்றம் வழக்கமான சிறுநீரக நோயைப் போலிராது. கால் வீக்கம் இராது. இரத்த அழுத்தம் தொடக்கத்தில் இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும். சிறுநீரில் புரதம் கொஞ்சம்தான், அதுவும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்கள். இரத்தச் சர்க்கரை சரியாக இருக்க, சிறுநீரில் மட்டும் சர்க்கரை இறங்கும். கிரியேட்டினின் அளவுக்குப் பொருந்தாத கடும் இரத்தசோகை சீக்கிரமே வரும். இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மூலிகை எடுத்தீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். பயாப்சியில் இடைத்திசு நாராகி, குழல்கள் சுருங்கி, ஆனால் அழற்சிச் செல்கள் மிகக் குறைவாக, வடிமுடிச்சுகள் ஓரளவு தப்பியிருக்கும். பாதிப்பு புறணியின் வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்நோக்கி வரும். மருந்தை நிறுத்தினாலும் நோய் நிற்காமல் முன்னேறியதுதான் பிரசெல்ஸ் மருத்துவர்களைத் திகைக்கவைத்தது.

இதே பொறி வேறு பெயர்களில்

மூ தோங் இன்னும் பரவலான குழப்பம். அகீபியா இனத்துக் கொடித்தண்டு மூ தோங். அதில் முக்கியமாக டிரைடெர்பீன் சப்போனின்கள். குளமாட்டிஸ் தண்டு சுவான் மூ தோங். அரிஸ்டோலோக்கியா மஞ்சூரியென்சிஸ் தண்டு குவான் மூ தோங். மூன்றுமே சிறுநீர் பெருக்கத் தருபவை. குவான் மூ தோங்கைத் தேய்த்து முகர்ந்தால் கற்பூரச் சாயல் அடிக்கும், கடுங்கசப்பு. சுவான் மூ தோங் சப்பென்றிருக்கும். அகீபியா லேசான கசப்பும் துவர்ப்பும். குவான் மூ தோங்கைப் பெருமளவில் குடித்து இருவருக்குச் சிறுநீரகம் பழுதானதைச் சீன மருத்துவ இதழ் ஒன்று 1964இலேயே பதிவு செய்திருந்தது. பிரிட்டனில் 1999இல் தோல் நோய்க்கு இந்த மூலிகையைக் குடித்த இருவரின் பாதிப்பு லான்செட்டில் வெளியானது. 1964ஆம் ஆண்டின் அந்தப் பதிவு பிற நாட்டு மருத்துவர்களின் கண்ணுக்கு வந்திருந்தால் பிரசெல்ஸில் சந்தேகம் முன்கூட்டியே எழுந்திருக்கும்.

மூ ஷியாங் என்பது நம் சித்த மருத்துவத்தின் கோஷ்டம். சிங் மூ ஷியாங் என்பது அரிஸ்டோலோக்கியா டெபிலிஸ் வேர். ஓர் அடைமொழிதான் வேறுபாடு.

சீன அரசு 2003இல் குவான் மூ தோங்கையும் 2004இல் குவாங் ஃபாங் ஜி, சிங் மூ ஷியாங் இரண்டையும் நீக்கியது. தைவான் 2003இல் தடைசெய்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2001இல் நுகர்வோரை எச்சரித்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அரிஸ்டோலோக்கியா உள்ள மூலிகை மருந்துகளை 2002இலேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் வைத்தது. மா தோ லிங், தியென் ஷியென் தெங் என்ற அரிஸ்டோலோக்கியாச் சரக்குகள் இரண்டும் சீன நூலின் 2020 பதிப்பில்தான் வெளியேறின. ஷி ஷின் என்ற அசாரம் வேர் இன்றும் நூலில் உண்டு. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஒன்று 0.001 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தடையால் பட்டியல்தான் சுருங்கும். பழைய இருப்பும் பெயர் மாற்றி வரும் மூட்டையும் நிற்காது.

வாங்கும்போது, குடித்த பிறகு

இந்தச் சரக்குகளைக் கையாளும் கடையோ தயாரிப்பாளரோ பொடியாக வாங்கவே கூடாது. வேராக, வில்லையாக வாங்கி, பார்த்தபின் அரைக்க வேண்டும். ஆர்டரில் சீனப்பெயர் முன்னொட்டோடு, லத்தீன் இருசொற்பெயர், குடும்பம், பயன்படும் உறுப்பு நான்கும் இருக்க வேண்டும். சான்றிதழில் அரிஸ்டோலோக்கிக் அமிலச் சோதனையின் தட்டுப்படம், அமிலம் சேர்த்த தடத்தோடு இருக்க வேண்டும். காணப்படவில்லை என்ற சொல் மட்டும் போதாது, எந்த அளவுவரை காணமுடிந்தது என்ற எண் வேண்டும். பல மூட்டைகளைக் கலந்து ஒரே மாதிரியாக்கிச் சோதிப்பது செலவைக் குறைக்கும். பத்தில் ஒரு மூட்டை கெட்டதென்றால் நச்சைப் பத்தில் ஒன்றாக நீர்த்துக் காட்டவும் செய்யும். ஒவ்வொரு தொகுதியிலும் காப்பு மாதிரி எடுத்து வைக்கவேண்டும். பெல்ஜியத்தில் தொகுதி மாதிரிகள் கிடைத்ததால்தான் 1994 பகுப்பாய்வு நடந்தது.

தமிழ் மருந்துக்கடையில் ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை விற்பவருக்கும் இதே தட்டுச் சோதனை பொருந்தும். அவற்றில் இந்த அமிலம் இருப்பது பெயர்க்குழப்பத்தால் அல்ல. அந்தச் செடிகளின் இயல்பே அது. ஆகவே அங்கே வேறு கேள்வி: அடையாளம் சரியாக இருந்தும் நாட்கணக்கில் உள்ளுக்குக் கொடுக்கலாமா? மேலே உள்ள மில்லிகிராம் கணக்கைப் பார்த்தால் கொடுக்கக்கூடாது என்றே சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு, எப்போது நிறுத்தினார்கள் என்பது பெரிய ஆறுதல் ஆகாது. டிஎன்ஏவில் ஒட்டியவை நிறுத்திப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் திசுவில் கண்டறியப்பட்டிருக்கின்றன. கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் சர்க்கரையும் சிறு புரதமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் செல் பரிசோதனை, சிறுநீர்ப்பை உள்நோக்கல், மேல் சிறுநீர்ப்பாதைக்கு ஸ்கேன். சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர்களில் பழைய சிறுநீரகங்களையும் குழாய்களையும் இருபுறமும் அகற்றுவது பெல்ஜியத்தில் வழக்கமானது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கிய பிறகு அங்கே ஒரு கட்டி வளரத் தொடங்கினால் அதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.